பைப்பில் நீ அறுத்த கோடு

இன்று காலை கோமதி வாசல் தாழ்வாரத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, கறிவேப்பிலைச் செடிக்குத் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிராஞ்சி நர்சரியில் வாங்கிவந்த மண் மூட்டை. கத்தரிக்கோலால் அவள் அதன் வாயை வெட்டியதும் ஒரு வாசனை எழுந்தது. கையிலிருந்த கோப்பியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். ஊறிப்போன தேயிலைச் சக்கையும் நாட்பட்ட மரமும் கலந்த புளிப்பு வாசனை. உன்னோடு தொடை வரை புதைந்து நின்ற இடத்தின் வாசனை.

"என்னங்க, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் கோமதி.

"இது பீட் மண்ணு," என்றேன்.

"மண்ணுன்னா மண்ணுதான். செடி வளந்தா சரி."

அவள் சொல்வதும் நியாயம்தான். அவளுக்கு நான் எதையும் சொன்னதில்லையே. உன்னிடமும் சொல்லவில்லை. உனக்குத் தானாகவே தெரிந்துவிட்டது என்பது வேறு விஷயம். அதனால்தான் இந்த வயதில், ஈசூன் வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். "மணி, உன் எழுத்து அழகா இருக்கும்டா, விஷயம்தான் இருக்காது" என்று நீ கேலி செய்வாய். இன்றைக்கு விஷயம் இருக்கிறது. எழுத்துதான் அழகாக இல்லை.

எழுபதுகளின் நடுவில் நாம் வேலை பார்த்த அந்த அலுவலகம் நினைவிருக்கிறதா? சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடி. கீழே மிளகாய் அரைக்கும் நாளில் மேலே எல்லோரும் தும்முவோம். நான் ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வரைபடம் போடுவேன். "வங்கியில கொள்ளையடிக்க வந்தவன் மாதிரி இருக்கே லா" என்பாய். நீ நிலத்தை அளப்பவன், நான் நீ கொண்டுவரும் அளவுகளைப் படமாக்குபவன். ஒரே வருடத்தில் சேர்ந்தவர்கள், ஒரே சம்பளம், ஒரே கோப்பிக் கடை. நீ ஞாயிறு காலைப் பூசைக்குப் போவாய், நான் வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்கு. இரண்டு பேருக்கும் பொதுவான சாமி, மூலைக்கடை மீன் தலைக்கறி.

கடல் பாலம் தாண்டி, பக்கத்து நாட்டு ஜொகூரில் அன்னாசித் தோட்டத்துக்காக ஒரு பெரிய சதுப்பு நிலத்தின் தண்ணீரை வடிக்கும் வேலை நம் அலுவலகத்துக்கு வந்தது. எங்கே எவ்வளவு ஆழத்துக்குக் கால்வாய் வெட்டுவது என்று அளந்து, வரைந்து கொடுக்கவேண்டும். ஒரே ஒரு முறைதான் நானும் உன்னோடு அங்கே வந்தேன். தோல் செருப்புப் போட்டுக்கொண்டு வந்ததற்காக நீ என்னை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய். முதல் பத்தடியிலேயே வலது செருப்பு போய்விட்டது. இன்னும் அது அங்கேதான் எங்கோ கிடக்கும்.

"இது மண்ணே இல்ல மணி," என்றாய் ஒரு கைப்பிடி அள்ளி. பிழிந்தாய். தேநீர் நிறத்தில் தண்ணீர் ஒழுகி, கையில் நாரும் இலையும் குச்சியும் மிஞ்சின. "ஆயிரக்கணக்கான வருஷமா விழுந்த இலை, மரம். தண்ணிக்குள்ளயே கிடக்குறதால மக்கல. தண்ணிய எடுத்துட்டா என்னா ஆகும்?"

"காஞ்சு போகும்."

"காஞ்சு, மக்கி, காத்தாப் போயிரும்டா."

நான் சிரித்தேன். மண் காற்றாகப் போகும் என்று சொல்பவனைப் பார்த்து வேறு என்ன செய்வது?

உயரத்தை அளப்பவனுக்கு அசையாத ஒரு புள்ளி வேண்டும். அதிலிருந்துதான் மற்ற எல்லாவற்றையும் கணக்கிடுவான். அந்த நிலத்தில் நம் முதலாளி ஒரு கான்கிரீட் கல்லை நட்டுவைத்து, "இதிலிருந்து அள" என்று உத்தரவிட்டிருந்தார். உனக்கு அந்தக் கல்லின் மேல் நம்பிக்கை இல்லை. "கஞ்சியில வச்ச கல்லு. கஞ்சி இறங்குனா இதுவும் சேந்து இறங்கும்" என்றாய். அதற்காக நீயே மூன்று இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்திருந்தாய். ஒன்றோடு ஒன்று திருகி, அந்தக் கஞ்சிக்குள் இறக்கினோம். நீ தோளால் அழுத்த, நான் பிடித்துக்கொள்ள, அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அடியிலிருந்த கெட்டிக் களிமண்ணில் முட்டி நின்றது. மேலே கையளவுதான் மிச்சம். நீ மண்டியிட்டு, தரை மட்டத்தில் ரம்பத்தால் அந்தப் பைப்பைச் சுற்றி ஒரு கோடு அறுத்தாய். சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாய்.

"இது நகராது. நிலம் இறங்குனா இந்தக் கோடு மேல வரும். பொய் சொல்லத் தெரியாத சாட்சி," என்றாய்.

கால்வாய்கள் வெட்டப்பட்டன. அன்னாசியும் நட்டார்கள். இரண்டு வருடம் கழித்துத் தோட்டக்காரர்கள் திரும்ப வந்தார்கள். கால்வாயில் தண்ணீர் மட்டம் மேலே வந்து செடியின் வேர் நனைகிறதாம், இன்னும் ஆழமாக வெட்டவேண்டுமாம். முதலாளி உன்னை மறுபடி அளக்க அனுப்பினார். அப்போது உன் மனைவி ஸ்டெல்லா இரண்டாவது பிரசவத்துக்கு மருத்துவமனையில் இருந்தாள். சிக்கலான பிரசவம். நீ இரவெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, விடிகாலையில் பாலம் தாண்டிப் போய் அளந்துவிட்டு வந்தாய். வாரக் கடைசியில், அளவுகளைக் குறித்துவைக்கும் உன் ஃபீல்டு புக்கை என் மேசையில் வைத்துவிட்டு, அப்படியே மருத்துவமனைக்கு ஓடிவிட்டாய்.

நான் திறந்து பார்த்தேன். இரண்டு வரிசை எண்கள். கல்லிலிருந்து அளந்த வரிசைப்படி நிலம் அப்படியே இருந்தது. பைப்பிலிருந்து அளந்த வரிசைப்படி நிலம் முழங்கால் உயரம் இறங்கியிருந்தது. குறிப்புப் பகுதியில் இங்கிலீஷில் எழுதியிருந்தாய்: தண்ணீர் ஏறவில்லை, நிலம்தான் இறங்கியிருக்கிறது. கால்வாயை ஆழமாக்க வேண்டாம். பலகை போட்டு அடைத்து, தண்ணீரை நிறுத்தி வைக்கவேண்டும்.

அத்தனையும் அந்த ஒரே பக்கத்தில் இருந்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், தூக்கமில்லாமல் தப்பாகப் படித்துவிட்டான் என்று நினைத்தேன். முழங்கால் உயரம் நிலம் காணாமல் போகுமா? மறுநாள் காலை படம் போகவேண்டும். முதலாளி இந்தப் பக்கத்தைப் பார்த்தால் உன்னைத் திட்டுவார், திரும்ப அளக்கச் சொல்வார், நீ ஸ்டெல்லாவை விட்டுப் போகவேண்டிவரும். உன்னைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று ரப்பரை எடுத்தேன்.

நம் தொழிலில் ஃபீல்டு புக்கில் ரப்பர் படக்கூடாது. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கக் கையெழுத்து வைக்கவேண்டும். வேலைக்கு வந்த முதல் நாளே அளப்பவர்களிடமிருந்து முதலாளி ரப்பரைப் பிடுங்கிக்கொள்வார். படம் வரைகிறவனிடம் மட்டும்தான் ரப்பர் இருக்கும். அந்த ரப்பரால் உன் பைப் வரிசை முழுவதையும் அழித்தேன். குறிப்பையும் அழித்தேன். அந்த இடத்தில், கல்லோடு ஒத்துப்போகும் எண்களை உன் கையெழுத்திலேயே எழுதினேன். எந்த எழுத்தையும் அச்சு அசலாகப் போடுகிற கை என்று நீயே என்னைப் புகழ்ந்திருக்கிறாயே, அந்தக் கை. படமும் வரைந்தேன். "நிலமட்டத்தில் மாற்றமில்லை." மூலையில் என் பெயரின் முதலெழுத்துகள்.

அதோடு முடிந்திருந்தால்கூட உன்னிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். ஆனால் தோட்டத்தின் என்ஜினியர் மூல அளவுகளைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுவிட்டார். முதலாளி புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் காகிதம் தேய்ந்து மினுமினுத்தது. மறுநாள் உன்னைக் கூப்பிட்டார். நான் என் மேசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். கீழே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் தும்மவில்லை.

"அளவை அழித்து எழுதியிருக்கிறாய். போகாமலே எழுதினாயா?" என்றார் முதலாளி.

நீ புத்தகத்தை வாங்கிப் பார்த்தாய். உன் விரல் ஒரு ஏழின் மேல் நின்றது. நீ ஏழுக்கு நடுவில் கோடு போடமாட்டாய். அந்த அலுவலகத்தில் ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறவன் நான் ஒருத்தன்தான். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் பென்சில் சீவினேன். ஆமாம், அந்த நேரத்தில் நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம், பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. வேலை போனால் என்ன செய்வது என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

நீ புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாய். "நிலம் இறங்குது சார். நேர்ல போய்ப் பாருங்க," என்று மட்டும் சொன்னாய். அவர் போகவில்லை. உன்னை வேலையை விட்டே அனுப்பிவிட்டார். மாடிப்படியில் உன் பின்னாலேயே ஓடிவந்தேன். வாய் திறப்பதற்குள் நீயே, "விடு லா மணி, புள்ள பொறந்திருக்கு, வந்து பாரு" என்றாய்.

அளவைத் திருத்துகிறவன் என்று பெயர் வாங்கியவனுக்கு அந்தத் தொழிலில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? கிராஞ்சியில் ஒரு நர்சரியில் லாரி ஓட்டப் போனாய். செடிக்கான மண் மூட்டைகளை ஏற்றி இறக்கினாய். ஒரு முறை நான் பார்க்க வந்தபோது ஒரு மூட்டையைக் கிழித்து என் மூக்கருகில் பிடித்தாய். "ஐரோப்பாவுலேந்து வருது. ஊரு வேற, வாசன ஒண்ணுதான்" என்று சிரித்தாய். உனக்கு எப்படித்தான் சிரிக்க முடிந்ததோ. தீபாவளிக்கு நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கேலாங்கில் உன் வீட்டுக்கு வந்தோம். ஒரு தடவைகூட அதைப் பற்றி நீ பேசவில்லை. கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

கிளம்பும்போது மட்டும் கேட்பாய்: "பைப் இன்னும் இருக்கா, மணி?"

"இருக்கும், இருக்கும்," என்பேன். நான் போய்ப் பார்த்ததே இல்லை. என் படத்தை நம்பிக் கால்வாய்களை ஆழப்படுத்தியிருந்தார்கள். அதைப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. "தோண்டத் தோண்ட இறங்கும், இறங்க இறங்கத் தோண்டுவாங்க" என்று நீ சொன்னது மட்டும் அவ்வப்போது காதில் விழும்.

எண்பதுகளின் கடைசியில் அந்த அலுவலகத்தை மூடினார்கள். பழைய காகிதங்களை மூட்டை கட்டிப் போட்டபோது, உன் ஃபீல்டு புக்கை மட்டும் எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். சாட்சியை மறைக்கவா, காப்பாற்றவா என்று அப்போது எனக்கே தெரியாது. அதே வருடம்தான் நீ படுத்தாய். கல்லீரல் என்றார்கள். மருத்துவமனைக் கட்டிலில் பாதியாக இளைத்துக் கிடந்தாய். அப்போதும் கேட்டாய்.

"பைப் இருக்கா?"

"இருக்கு. போன மாசம்தான் பாத்தேன்," என்றேன். வாய் கூசவில்லை.

உன் கண் விரிந்தது. "நெசமாவா? கோடு எங்க நிக்குது?"

"அதே எடத்துலதான். முட்டி வரைக்கும்."

நீ போர்வை மேல் விரலால் ஏதோ கணக்குப் போட்டாய். பிறகு, "அப்ப நின்னுருச்சு. தண்ணியை அடைச்சிருப்பாங்க. நல்லது லா," என்றாய். முகம் அப்படியே தெளிந்தது. இரண்டு நாளில் போய்விட்டாய். உன் அளவை இரண்டாவது தடவையும் நான்தான் அழித்தேன், இந்தத் தடவை ரப்பர்கூடத் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு புகைமூட்டம் வரும் வருடங்களில் எல்லாம் நான் சன்னலைச் சாத்திக்கொண்டு உன்னைத்தான் நினைப்பேன். பக்கத்து நாடுகளில் வடித்துக் காயவைத்த பீட் நிலம் எரிகிறது என்று செய்தியில் சொல்வார்கள். கோமதி இருமுவாள். மண் காற்றாகப் போகும் என்று ஒருவன் சொன்னான், நான் சிரித்தேன் என்று சொல்ல வாய் வரும். சொல்லமாட்டேன்.

போன வருடம் செய்தித்தாளில் ஒரு மூலையில் ஒரு படம் பார்த்தேன். நாம் அளந்த அதே நிலம். அங்கே கால்வாய்களைப் பலகையும் மணல் மூட்டையும் வைத்து அடைக்கிறார்களாம். தண்ணீரை மறுபடி நிலத்துக்குள் ஏறவிடுகிறார்களாம். நான் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் உன் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே ஹலீம் என்று ஒரு மலாய்க்காரர் பொறுப்பாளர், என் மகன் வயது இருக்கும். மலாயிலேயே பேசிக்கொண்டோம். தண்ணீர் வடிந்ததும் காற்று உள்ளே போய், அந்த ஆயிரக்கணக்கான வருடத்து இலையும் மரமும் மக்கத் தொடங்குகிறது, மக்கியதெல்லாம் பூமியைச் சூடாக்கும் அதே கரியமில வாயுவாக மேலே போகிறது, நெருப்பே வைக்காவிட்டாலும் நிலம் தினமும் எரிந்துகொண்டுதான் இருக்கும் என்றார். தண்ணீரை நிறுத்தினால் அது நிற்குமாம்.

"போனது திரும்ப வருமா?" என்று கேட்டேன்.

"வராது மாமா. மிச்சத்தைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்," என்றார்.

பிறகு ஒரு படத்தின் நகலை விரித்துக் காட்டினார். மஞ்சள் பூத்த பழைய படம். முதலில் நிலம் எவ்வளவு உயரமாக இருந்தது, எவ்வளவு வேகமாக இறங்கியது என்று தெரிந்தால்தான் எவ்வளவு கரி காற்றில் போனது என்று கணக்குப் போடமுடியும், ஆனால் இந்தப் படத்தின்படி முதல் இரண்டு வருடம் நிலம் அசையவே இல்லை, எங்களுக்குப் புரியவில்லை என்றார். மூலையில் என் முதலெழுத்துகள். அழகான எழுத்து.

"இந்தப் படம் பொய்," என்றேன். "வரைந்தவன் நான்."

நாற்பது வருடத்துக்கு மேலாகத் தொண்டையில் கிடந்தது, அந்த அந்நிய மனிதரிடம் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அழித்த பக்கத்தில் பழைய எண் ஒன்றும் தெரியவில்லையே என்றார். நான் பக்கத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தேன். நீ எப்போதும் பென்சிலை அழுத்தித்தானே எழுதுவாய். "காகிதம் கிழியப்போகுதுடா" என்று நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன். கரி போனாலும் பள்ளம் போகவில்லை. நான் போட்ட பொய் எண்களுக்கு அடியில், நிழல் விழுந்து, உன் எண்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. கோடு போடாத ஏழுகள்.

ஹலீம் குறிப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார். பலகை போட்டு அடைத்து, தண்ணீரை நிறுத்தி வைக்கவேண்டும். திரும்பித் தன் ஆட்கள் கால்வாயில் இறக்கிக்கொண்டிருந்த பலகைகளைப் பார்த்தார். "இதை எழுதியவர் எங்கே?" என்று கேட்டார்.

உன் குறிப்பை அன்றைக்கே கொடுத்திருந்தால் முதலாளி கேட்டிருப்பாரா? கேட்டிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அன்னாசி விலைபோகிற காலம் அது. ஆனால் கேட்காமல் விட்ட பாவம் அவரோடு போயிருக்கும். இப்போது அது என்னிடம் இருக்கிறது.

திரும்பி வந்து நேராகக் கேலாங்குக்குத்தான் போனேன். ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ண்ணே," என்றாள். "அன்னிக்கே அவரு சொல்லிட்டாரு. 'மணிகிட்ட கேக்காத, அவனே ஒரு நாள் வந்து சொல்லுவான்'னாரு." பிறகு அவள் குரல் உடைந்தது. "ஒவ்வொரு தீபாவளிக்கும் உங்க வீட்டுக்குக் கிளம்பும்போது, இன்னிக்குச் சொல்லிருவான்னு சொல்லிட்டே சட்டை போடுவாரு. அவரு இருக்கும்போது சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்தைதானே?"

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிக்கவும் எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் குடித்தேன்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அங்கே போய்வருகிறேன். பொழுது போகாத கிழவன் என்று கோமதி நினைக்கிறாள். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவளிடமும் சொல்லப்போகிறேன். தண்ணீர் மட்டத்தைப் படித்து உன் புத்தகத்தில் மிச்சமிருக்கும் பக்கங்களில் எழுதுகிறேன். தப்பானால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்கிறேன். பையில் ரப்பர் வைத்துக்கொள்வதில்லை.

நீ கேட்டதற்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. பைப் இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, துருவும் பிடித்திருக்கிறது. தோட்டத்து ஆட்கள் சாப்பாட்டுப் பை மாட்டுவதற்கு அதில் ஒரு கம்பி கட்டியிருக்கிறார்கள். நீ அறுத்த கோட்டைக் கண்ணால் தேடினேன், கிடைக்கவில்லை. பிறகு கையைத் தூக்கித் தடவினேன். முட்டி வரைக்கும் இல்லையடா. என் தலைக்கு மேலே ஒரு சாண். நானே பார்த்தேன்.